செஞ்சியின் சாமுராய்

முத்தியால்பேட்டைப் பையன்களிடம் 'சாமுராய்' என்று சொல்லிப் பாருங்கள். குரோசாவா படம், தக்கேதா குலம், அப்பா ஷிங்கென், மகன் கட்சுயோரி, 1582-ல் குலமே அழிந்த கதை... மூச்சு விடாமல் சொல்வார்கள். அதுவும் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றியிருக்கும் கருங்கல் தூணில் சாய்ந்துகொண்டு!

அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள் பெரியவர்கள். சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஊரிலும் ஓர் அப்பா, ஒரு மகன், முடிந்துபோன ஒரு குலம் உண்டு.

1690-ல் தொடங்கிய முற்றுகை 1698-ல் முடிந்து செஞ்சிக் கோட்டை மராட்டியரிடமிருந்து மொகலாயர் கைக்குப் போனது. சில வருடங்களில் ஔரங்கசீப், புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கை அதற்குக் கோட்டைத் தலைவராக்கினார். அவர் 1714-ல் இறந்தபோது பெரிய கப்பப் பாக்கி இருந்தது. வடக்கேயிருந்து வந்து பொறுப்பேற்ற மகன் பெயர் தேஜ்சிங். தமிழ் நாக்கில் அது தேசிங்கு ஆனது.

"பாக்கியைக் கட்டு. தில்லியிலிருந்து புது உத்தரவு வாங்கு" என்றார் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான். "அப்பாவுக்குக் கொடுத்த உத்தரவே போதும்" என்றார் தேசிங்கு. 1714 அக்டோபர் 3. நவாபிடம் பெரும்படை, தேசிங்கிடம் சில நூறு குதிரை வீரர்கள். உயிர் நண்பன் மகபத்கானும் தேசிங்கும் களத்திலேயே செத்தார்கள். தேசிங்குக்கு வயது 22. ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். ராணிப்பேட்டை என்ற பெயர் அவர் நினைவாக வந்தது என்பார்கள்.

இதை மதச் சண்டையாகச் சொல்பவர்கள் மகபத்கானை மறந்துவிடுகிறார்கள். தெருக்கூத்தும் கதைப்பாட்டும் மறக்கவில்லை. 'மோவுத்துக்காரன்' இல்லாமல் அங்கே தேசிங்கு கதையே கிடையாது.

தேசிங்கு செய்தது சரியா? கட்சுயோரியும் 1575-ல் நாகாஷினோவில் பின்வாங்க மறுத்து, துப்பாக்கிகளுக்கு முன்னால் படையைப் பலி கொடுத்தவர்தான். இரண்டு பேருக்கும் வீரம் இருந்தது, பேரம் பேசும் பொறுமை இல்லை. கூடவே செத்த வீரர்களின் பெயர் எந்தப் பாட்டிலும் முழுசாக இல்லை.

1750-ல் புஸ்ஸி ஒரே ராத்திரியில் செஞ்சியைப் பிடித்தார். 1761-ல் அது ஆங்கிலேயரிடம் போனது. 2025-ல் மராட்டியக் கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலின் தலைப்பில் தேசிங்கு இல்லை. ஆனால் செஞ்சிப் பக்கம் போய் "யார் கோட்டை?" என்று கேட்டால், முதலில் வருவது அந்த ஒரு வருடம்கூட ஆளாத பையனின் பெயர்தான்.