முள்ளை எடுக்காமல் திருப்பிய மாடு

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், தன் வண்டியின் இடது மாடு திரும்பும் இடத்தில் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு வெளியே இழுக்கிறது, மூக்கணாங்கயிற்றை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு இரண்டு பிராணிகள் நினைவுக்கு வந்தன. ஒன்று, பல வருடங்களுக்கு முன் நான் விற்றுவிட்ட பந்தய மாடு. இன்னொன்று, அமெரிக்காவில் பார்த்த ஒரு குதிரை. குதிரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேரன் பிறந்தபோது டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கினேன். ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடு. பின்பக்கக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மாடு வளர்க்கும் ஒரு குடும்பத்தின் மேய்ச்சல் நிலம். விடிந்தால் நான் வேலியோரம் போய் நின்றுவிடுவேன். அங்கே பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தவிட்டு நிறப் பெண்குதிரை ஒன்றைத் தினமும் ஓட்டிப் பழகினாள்.

அந்தப் பந்தயத்தை அங்கே பேரல் ரேசிங் என்கிறார்கள். நாம் டீசல் வாங்கி வைக்கும் 200 லிட்டர் டிரம் மாதிரி மூன்று டிரம்களை முக்கோணமாக நிறுத்துகிறார்கள். முதல் இரண்டுக்கும் இடையே 90 அடி. அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடி. குதிரை பாய்ந்து வந்து ஒவ்வொரு டிரம்மையும் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பி ஓட வேண்டும். ஓடிய தடத்தை மேலே இருந்து பார்த்தால் புளியாரையின் மூன்று இலை போல இருக்கும். முதல் டிரம்மை வலப்பக்கமாகச் சுற்றினால் மற்ற இரண்டையும் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். டிரம்மில் உரசலாம். ஆனால் அது விழுந்தால் 5 விநாடி தண்டம். மொத்த ஓட்டமே 20 விநாடிக்குள் முடிகிற பந்தயத்தில் 5 விநாடி போனால் எல்லாம் போனது.

1948-ல் டெக்சாஸின் சான் ஏஞ்சலோ நகரில் பண்ணைப் பெண்கள் 38 பேர் கூடித் தங்களுக்கென்று ஒரு ரோடியோ சங்கம் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த பந்தயம் இது. இன்றும் பெரும்பாலும் பெண்கள்தான் ஓட்டுகிறார்கள்.

நம் பெண்ணின் குதிரைக்கு முதல் டிரம்தான் தகராறு. வலப்பக்கம் திருப்பும்போது தலையை மேலே வீசும். தோளை உள்ளே சாய்த்து டிரம்மை இடித்துத் தள்ளும். இல்லாவிட்டால் அகலமாகச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு சனிக்கிழமை உள்ளூர்ப் பந்தயத்தில் இரண்டு முறையும் அதே டிரம் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் கோபத்தில் வலது லகானை இழுத்து இழுத்து அதே இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்ற வைத்தாள். குதிரை வாயைத் திறந்துகொண்டு பின்னால் நகர்ந்தது.

அவளுடைய பாட்டி எழுபது வயதைத் தாண்டியவர். சின்ன வயதில் தானும் பந்தயம் ஓட்டியவராம். அவர் வந்து பேத்தியை இறங்கச் சொன்னார். டிரம்களை உருட்டிக் கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டார். வேலியோரம் நின்ற மகளிடம் அவர் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள்: "ஒரு பக்கம் நல்லாத் திரும்புற குதிரை மறுபக்கம் திரும்பலைன்னா, முதல்ல அதுக்கு எங்கே வலிக்குதுன்னு பார்க்கணுமாம்ப்பா."

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்தார். நான்கு குளம்புகளையும் தட்டிப் பார்த்தார், பின்னங்கால் மூட்டுகளை மடக்கிப் பார்த்தார், சேணம் அழுத்திய தடம் முதுகில் இருக்கிறதா என்று தடவினார். கடைசியில் வாயைத் திறந்து பார்த்தபோது காரணம் கிடைத்தது. குதிரையின் பல் ஆயுள் முழுக்க மேலே வந்துகொண்டே இருக்கும், அரைத்து அரைத்துத் தேயும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. அதனால் மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் சரியாகத் தேயாமல் கத்தி போலக் கூராகிவிடும். இந்தக் குதிரைக்கு வலது கன்னத்தின் உட்புறம் அந்தக் கூரில் பட்டுப் புண்ணாகியிருந்தது. வலது லகானை இழுக்கும்போதெல்லாம் கன்னம் பல்லில் அழுந்தியிருக்கிறது. மருத்துவர் அரத்தால் பல்லை ராவிவிட்டார். புண் ஆறும்வரை வாயில் கடிவாளம் போடக் கூடாது என்றார்.

ஆறிய பிறகும் பாட்டி டிரம்மை வெளியே எடுக்கவில்லை. வலி போனாலும், அந்தப் பக்கம் திரும்பினால் வலிக்கும் என்ற நினைப்பு குதிரைக்குப் போகாது. வெறும் தரையில் நடையிலேயே பெரிய வட்டம், பிறகு சின்ன வட்டம், இரண்டு பக்கமும் பழக்கினார்கள். மூக்கு முதல் வால்வரை உடம்பு வட்டத்தோடு சேர்ந்து வளைய வேண்டும். தலை மட்டும் திரும்பி உடம்பு நேராகப் போனால் திருப்பம் இல்லை. அதற்கு உள்பக்க லகானை லேசாகத்தான் பிடிக்க வேண்டும். விலாவைத் தள்ளி வளைப்பது ஓட்டுபவரின் உள்பக்கக் கால்.

நடையில் சரியான பிறகு ஒரே ஒரு டிரம் வந்தது. நேராக அதைப் பார்த்துப் போகக் கூடாது, பக்கவாட்டில் 4, 5 அடி இடம் விட்டுப் போக வேண்டும். அகலமாக உள்ளே போய், நெருக்கமாக வெளியே வருவதுதான் கணக்கு. டிரம்முக்குச் சற்று முன்பே ஓட்டுபவர் சேணத்தில் அழுந்த உட்கார்ந்து வேகத்தை அடக்க வேண்டும். குதிரை பின்னங்கால்களை வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து உடம்பின் பாரத்தைப் பின்னால் வாங்கும். அப்போது முன்கால்கள் லேசாகித் திரும்ப முடியும். இதற்காகவே டிரம் அருகே நிறுத்தி, இரண்டு மூன்று அடி பின்னே நடத்தி, பிறகு சுற்ற வைத்தார்கள்.

ஓட்டுபவளுக்கும் ஒரு பாடம் இருந்தது. அவள் டிரம்மையே பார்த்துக்கொண்டு உள்ளே சாய்ந்தாள். சாய்ந்த பக்கம்தான் குதிரையும் சாயும். "போக வேண்டிய தடத்தைப் பார், டிரம்மைப் பார்க்காதே" என்று பாட்டி கத்திக்கொண்டே இருப்பார். இரண்டு முறை சரியாகச் செய்துவிட்டால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. பிறகு குதிரையை மேய்ச்சல் நிலத்தில் சும்மா நடத்திக் கூட்டிப் போவார்கள்.

ஸ்கேம்பர் என்ற குதிரையின் கதையை அந்தப் பாட்டிதான் சொன்னார். ஷார்மேன் ஜேம்ஸ் என்ற பெண் ஓட்டிய குதிரை. 1984 முதல் 1993 வரை தொடர்ந்து 10 வருடம் உலகப் பட்டம் அந்த ஜோடிக்குத்தான். 1985-ல் லாஸ் வேகாஸ் இறுதிப் போட்டியில் ஓடும்போதே அதன் கடிவாளம் கழன்றுவிட்டது. பிடித்து இழுக்கக் கயிறு இல்லை. ஆனாலும் மூன்று டிரம்களையும் சுற்றி முடித்து, அந்தச் சுற்றில் முதலாவதாக வந்தது.

நான் ஊர் திரும்பும் வாரத்தில் அந்தப் பெண் மறுபடி பந்தயத்துக்குப் போனாள். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ஒரு டிரம்கூட விழவில்லை. அவள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று இரவுதான் மகளிடம் என் மாட்டைப் பற்றிச் சொன்னேன். அப்போது நான் சிவகங்கைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயங்களில் சாரதி. போக வர 6 மைல். பாதித் தூரத்தில் எல்லையைத் தொட்டு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அன்று முன்னணியில் போய்க்கொண்டிருந்தோம். திரும்பும் இடத்தில் இடது மாடு தலையைத் தூக்கி வெளியே இழுத்தது. நான் கயிற்றைச் சுண்டி இழுத்தேன், துணைச் சாரதி சாட்டையால் விளாசினான். மாடு முன்னங்கால் மடங்கி விழுந்தது. பந்தயம் போனது. திரும்பத் தெரியாத மாடு என்று சொல்லி, வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அதை வாங்கியவரை டீக்கடையில் பார்த்தேன். "அண்ணே, அந்த மாட்டுக்கு இடது முன்னங்கால் குளம்பு இடுக்குல கருவேல முள்ளு ஒடிஞ்சு உள்ளேயே இருந்துச்சு. எடுத்துட்டுப் புண்ணை ஆத்துனேன். இப்பச் சொன்ன பக்கம் திரும்புது" என்றார். இடப்பக்கம் திரும்பும்போது பாரத்தைத் தாங்கி நிற்கும் கால் அதுதான். நான் டீயைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "பந்தயத்துக்கு முதல் நாளே அது நொண்டுச்சுப்பா. நான் உங்ககிட்ட வந்து சொன்னேன். சின்னப்பிள்ளை பேச்சுன்னு விரட்டிட்டீங்க."

எனக்கு அது நினைவில் இல்லை. ஆனால் அவள் பொய் சொல்ல மாட்டாள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒன்று சொல்வேன். கயிற்றை மாற்றும் முன் மாட்டைப் படுக்கவைத்துக் குளம்பு இடுக்கைச் சுத்தமாகக் கழுவிப் பாருங்கள். மூக்குத் துளையில் புண் இருக்கிறதா, நுகம் பட்ட கழுத்தில் வீக்கம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குறை ஒன்றும் இல்லையென்றால் பாரம் ஏற்றாத வண்டியில், நடையில், பெரிய வட்டமாக இரண்டு பக்கமும் சில நாள் திருப்பிப் பழக்குங்கள். திரும்பும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கயிற்றை மாற்றுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.