நிலத்தின் கீழ் ஓர் ஊர்

தென் அவுஸ்திரேலியப் பாலைநிலத்திலே கூபர் பீடி என்னும் சுரங்க நகரைக் காணச் சென்றோம். 1915ஆம் ஆண்டில் தண்ணீர் தேடிப் போன வில்லி ஹட்சிசன் என்னும் 14 வயதுச் சிறுவன் ஓப்பல் கல்லைக் கண்டெடுத்தமையால் எழுந்த ஊர் அது. கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதால், மக்களிற் பலர் பாறையைக் குடைந்து உள்ளே வாழ்கின்றனர். எம்மை வாட்டிய வெயில் அத்தகைய வீடொன்றினுள் நுழைந்ததும் மறந்தே போயிற்று. சேர்பியரின் தேவாலயமும் நிலத்தின் கீழேயே உள்ளது. அதன் சுவரிற் செதுக்கிய புனிதர் உருவங்களை விட்டுப் பிரிய மனம் வரவில்லை. புல்லில்லாத கொல்ப் திடலைக் காணாவிடினும் குறையில்லை.

ஆயின், ஊர்ப்புறமெங்கும் மூடப்படாத சுரங்கக் குழிகள் வாய் பிளந்து கிடக்கின்றன. பின்னோக்கி நடவாதீர் என அறிவிப்புப் பலகைகள் எச்சரிக்கின்றன. படம் பிடிக்கும் ஆவலில் நின்ற எம் மூத்தவனுக்குக் கமரா ஒரு கையில். மற்றக் கையை நாம் விடவேயில்லை.