உரைகல்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்குபவர் பளபளப்பில் மயங்குவதில்லை. 'டச்' எவ்வளவு என்றுதான் கேட்பார். பழைய சிற்றிதழ்களை மாணவர்களுக்காக இணையத்தில் ஏற்றிவைக்க, மலிவான மெய்நிகர் வழங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்தபோது எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. விளம்பரம் இரண்டு செயலிகள் என்றது. நள்ளிரவில் ஓடியது மாலையில் தவழ்ந்தது.

லினக்ஸின் 'டாப்' கட்டளை 'எஸ்டி' என்றோர் எண்ணைக் காட்டும். நம் வழங்கி வேலையோடு காத்திருக்க, அடியிலுள்ள இயந்திரம் செயலியைப் பிறருக்குக் கொடுத்துவிட்ட நேரத்தின் விழுக்காடு அது. 10 என்றால் பத்தில் ஒரு பங்கு நேரம் நமக்கில்லை. எனக்கு விற்கப்பட்டது முழுச் செயலி அன்று. பலர் பகிரும் ஒன்றில் ஒரு பங்கு.

வாங்கிய அன்று ஒருமுறை சோதித்தால் போதாது. ஒரு வாரமேனும் வெவ்வேறு வேளைகளில் உரசிப் பார்க்க வேண்டும். மாணவர்கள் படிக்க வருவது மாலையில்தானே.