டெக்சாஸில் ஒரு பன்றிப் பட்டி

"சார், சேலை கட்டிப் பாத்தாச்சு, சலூன்ல இருந்து முடி வாங்கிப் போட்டாச்சு, வெடியும் வெடிச்சாச்சு. பன்னிங்க எல்லாத்துக்கும் பழகிருச்சு. கூண்டு வச்சுப் புடிக்க வழி இருக்கா?"

மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடும் கிராமங்களில் வேலை பார்த்த வேளாண்மை அலுவலர் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள். நானும் பல வருடங்களாக விரட்டும் முறைகளை மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன். கேட்டவரின் முகத்தில் திருப்தியைப் பார்த்ததில்லை. இதற்கு வேறொரு பதிலை, நான் எதிர்பார்க்காத ஓர் ஊரில் கண்டேன்.

மகள் வீட்டுக்காக அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்குப் போயிருந்தோம். மார்ச் மாதக் கடைசி. அவளோடு வேலை பார்ப்பவரின் தந்தை விவசாயி என்று தெரிந்ததும், ஒரு சனிக்கிழமை அவருடைய பண்ணைக்குக் கிளம்பிவிட்டோம். ஹூஸ்டனிலிருந்து வடமேற்கே போனால் ஹெம்ப்ஸ்டெட் வருகிறது. தர்பூசணிக்குப் பெயர் போன ஊர். அதைத் தாண்டி நவசோட்டா. சாலை ஓரமெல்லாம் நீலநிறக் காட்டுப் பூக்கள். பிறகு பிராசோஸ் ஆற்றின் படுகை நிலம். பருத்தி, மக்காச்சோளம், சோளம் விளையும் கனத்த மண். ஆற்றங்கரையில் பீக்கன் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. பன்றி பகலில் படுத்திருப்பது அங்கேதான்.

பண்ணைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். முதலில் அவர் காட்டியது மக்காச்சோள வயலை. முளைத்து இரண்டு இலை விட்ட பயிர். நடுவில் நாலைந்து வரிசை அப்படியே காணவில்லை. விதைத்த மறுநாள் இரவே பன்றிகள் வந்து, இயந்திரம் விதை போட்ட கோட்டிலேயே மூக்கை வைத்து உழுதுகொண்டு போய், விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டன. கோயம்புத்தூர் மலையடிவாரத்தில் நான் பார்த்த அதே காட்சி.

ஆனால் அங்கே காட்டுப்பன்றி சொந்த மண்ணின் விலங்கு அல்ல. 1539-ல் ஸ்பானியர்கள் உணவுக்காகக் கப்பலில் கொண்டுவந்த பன்றிகளும், அவர்களுக்குப் பின் குடியேறியவர்கள் அவிழ்த்துவிட்டு வளர்த்தவையும் காட்டுக்குள் ஓடின. 1930-களில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் அவற்றோடு கலந்தன. இன்று டெக்சாஸ் மாநிலத்தில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல். சினைக்காலம் சுமார் 115 நாள்தான். தீனி கிடைத்தால் ஒரே வருடத்தில் இரண்டு ஈற்றும் உண்டு. எண்ணிக்கை ஏறாமல் இருக்கவே ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்பது அங்குள்ள வல்லுநர்களின் கணக்கு. துப்பாக்கியால் ஒன்றிரண்டைச் சுட்டால் மீதி கலைந்து ஓடி, பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கூட்டத்தையே ஒரே நேரத்தில் பிடிக்கும் பட்டி.

வயலோரத்தில் அது நின்றது. 16 அடி நீளம், 5 அடி உயரமுள்ள கம்பி வலைத் தட்டிகள் எட்டு. இரும்புக் கால்களை அடித்து, தட்டிகளை வட்டமாகக் கட்டியிருந்தார். குறுக்களவு நாற்பது அடி இருக்கும். மூலையே கிடையாது. மூலை இருந்தால் பயந்த பன்றிகள் அங்கே முட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே குதித்துவிடும். மேலே கூரையும் இல்லை. மான் தவறி உள்ளே வந்தால் தாண்டிப் போய்விடட்டும் என்று.

வாசலில் எட்டடி அகலக் கதவு. இரண்டு பக்கமும் இரும்பு சேனல் நட்டு, அதற்குள் மேலிருந்து கீழே விழும்படி செய்திருந்தார். பழைய பட்டிகளில் பன்றி கயிற்றை இடறினால் கதவு விழும். முதலில் நுழையும் இரண்டு குட்டிகள் இடறிவிட, வெளியே நிற்கும் தாய்ப் பன்றிகள் எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பிறகு ஜென்மத்துக்கும் பட்டிப் பக்கம் வராது. இவருடைய கதவை விழ வைப்பது பன்றியல்ல, வீட்டில் இருக்கும் மனிதர்.

இது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தவரை நான் பாதியில் நிறுத்தினேன். கிணற்று மோட்டாரைச் செல்போனில் போட, நம் விவசாயிகள் ஸ்டார்ட்டர் பெட்டியில் சிம் கார்டு வைக்கிறார்களே, அதே சங்கதிதான். 12 வோல்ட் பேட்டரி, அதற்கு ஒரு சோலார் பலகை, சிம் போட்ட சிறு பெட்டி, ஒரு ரிலே. அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு போனால் மட்டும் ரிலே இயங்கும். ரிலே ஒரு சிறிய மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும். கார்க் கதவைப் பூட்டித் திறக்கும் மோட்டார் அது. அது கொக்கியின் நெம்பை இழுக்க, கதவு விழும்.

கொக்கிக்கு வருவதற்கு முன் இரண்டு முறை தோற்றிருக்கிறார். முதலில் மின்காந்தம் வைத்தாராம். காந்தம் கதவைப் பிடித்திருக்க மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நாள் மேகமூட்டம், பேட்டரி இறங்கியது, ஆளில்லாத நேரத்தில் கதவு தானாக விழுந்தது. அடுத்து இரும்பு முளை. கதவின் முழு எடையும் முளைமேல் உட்கார்ந்ததால் சிறிய மோட்டாரால் உருவ முடியவில்லை. கடைசியில்தான், கனத்த எடையைத் தாங்கிக்கொண்டே லேசான இழுப்பில் விடுபடும் நெம்புகோல் கொக்கி. இதற்கு ஒரு நொடி மின்சாரம் போதும். கதவுக்குக் கீழே யாராவது வேலை செய்யும்போது குறுக்கே ஒரு தடித்த கம்பியைச் செருகிவிடுகிறார். அதைச் செருகாமல் என்னை உள்ளே விடவில்லை.

கேமராவும் சிம் போட்டதுதான். இருட்டிலும் படம் எடுக்கும். புகைப்படம் அனுப்பும் கேமரா என்றால் படம் வந்து சேர்வதற்குள் பன்றி இடம் மாறிவிடுகிறது என்று, நேரடியாக வீடியோ காட்டும் கேமராவுக்கு மாறியிருந்தார்.

இந்தக் கருவிகளையெல்லாம்விட என் மனதில் நின்றது அவருடைய பொறுமை. கதவைத் தூக்கிக் கட்டிவைத்துவிட்டு, முதலில் பட்டிக்கு வெளியே மக்காச்சோளம். சில நாள் கழித்து வாசலில். பிறகு உள்ளே, கதவிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. இப்படி இரண்டு வாரம் சும்மா தின்ன விட்டிருக்கிறார். தினமும் கேமராவில் எண்ணி, கூட்டத்தில் மொத்தம் பதினான்கு என்று குறித்து வைத்திருந்தார்.

அன்று இரவு அவர் வீட்டுச் சமையலறை மேசையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்பதரைக்கு வந்தன. உள்ளே பதினொன்று. வெளியே மூன்று, அதில் ஒன்று பெரிய தாய்ப் பன்றி. வாசல்வரை வருகிறது, மூக்கை நீட்டுகிறது, பின்வாங்குகிறது. எனக்குக் கை துறுதுறுத்தது. பதினொன்று போதாதா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "அந்தத் தாய் போனால் அடுத்த வருடம் இதே கூட்டம் திரும்ப வரும். அதுவும் விவரம் தெரிந்த கூட்டமாக" என்றார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் தின்றுவிட்டுக் கலைந்தன. அவர் போனை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் நாங்கள் ஹூஸ்டன் திரும்பினோம். புதன்கிழமை காலை மகளின் போனுக்குப் படம் வந்தது. கதவு விழுந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. அரசு அனுமதி பெற்ற வியாபாரி வந்து உயிரோடு ஏற்றிப் போனாராம். பிடித்ததை வேறிடத்தில் அவிழ்த்துவிட அங்கே அனுமதியில்லை.

சரி, நம் கேள்விக்கு வருவோம். இதை நம் தோட்டத்தில் செய்யலாமா? நாமே செய்யக் கூடாது. அங்கே அது வந்தேறி. நிலச் சொந்தக்காரர் பிடிக்கலாம், சுடலாம். இங்கே காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு, புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் பாதுகாப்பு அதற்கு உண்டு. நாமாகக் கூண்டு வைத்தாலும் குற்றம்தான்.

ஆனால் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை வனத்துறையினர் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். அந்த நடுப்பகுதிக்கு, கூட்டத்தையே காயமின்றிப் பிடிக்கும் இப்படிப்பட்ட பட்டி பொருந்தும் என்பது என் எண்ணம். செலவு ஒரு விவசாயிக்கு அதிகம். ஒரு வனச்சரகத்துக்கு அதிகமில்லை. ஊர் சேர்ந்து, எந்த வயலில், எந்தத் தேதியில், எத்தனை பன்றி என்று குறித்து, வனச்சரக அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் பதிவு செய்யுங்கள். அந்த எழுபது வயதுக்காரரும் எண்ணுவதில்தான் தொடங்கினார்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் பாய்ச்சாதீர்கள். என் வட்டாரத்தில் பன்றிக்கு வைத்த கம்பியில், விடியற்காலை தண்ணீர் திருப்பப் போன பக்கத்துத் தோட்டத்துப் பையன் விழுந்தான். மாலை போடப் போன வீட்டில், கம்பி வைத்தவரின் அம்மாவும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். இரண்டு குடும்பமும் பங்காளிகள். சோலார் வேலி விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுக்கும், உயிரை எடுக்காது. மானியம் பற்றி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.