மூன்று கோடுகள்

படத்துக்குப் படிப்பு வேண்டா, கண் இருந்தால் போதும் என்பது கைப்பேசிச் செயலிகளை வகுப்போர் பலரின் துணிபு. அத்துணிபு எவ்வளவு செல்லும் என்பதைக் கியா பார்மில் நாம் நேரிற் கண்டோம்.

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்தால் கியா பார்ம். 1929-இல் தொடங்கப்பெற்ற போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் அதற்கு அண்மையிலுள்ளது. கொழுந்து கிள்ளி ஓய்ந்த மூதாட்டியர் சிலரிடம் கைப்பேசியிலுள்ள குறிகளைக் காட்டி வினவினோம். வீட்டின் படத்தை யாவரும் அறிந்தனர், தொலைபேசியையும் அறிந்தனர். பல்சக்கரத்தை ஆலை இயந்திரம் என்றனர். ஒன்றன்கீழ் ஒன்றாய்க் கிடக்கும் மூன்று கோடுகளைக் கண்ட ஒருவர், “நெரைதானே இது?” என்றார்.

நகைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? வாழ்நாளெல்லாம் தேயிலை நிரைகளுக்கிடையே நடந்த கண்ணுக்கு வேறென்ன தோன்றும்? அக்கோடுகள் 1981-இல் வெளிவந்த செராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் என்பார் வரைந்தவை. பட்டியலின் வரிகளைக் குறிப்பவை. அது வரைந்தவர் கருத்து. சொல்லித் தராமல் பிறர்க்கு அது விளங்குவது எங்ஙனம்?

படத்தால் பயனே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இந்தியாவில் 1951–52-இல் நடந்த முதற்பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் சின்னம் ஒட்டினர். எழுத்தறியாத மக்கள் கோடிக்கணக்கில் வாக்களித்தனர். இரட்டைக் காளையை உழவன் அறிவான். அது காங்கிரசின் சின்னம் என்பதை ஊர்தோறும் சென்று வாய்விட்டுச் சொன்னார்கள். பழகிய பொருளும் சொல்லிய சொல்லும் சேர்ந்தே அப்படம் பேசிற்று.

நெரை என்ற அம்மூதாட்டி தமிழ் படிப்பார். பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாத தோட்டங்கள் பள்ளி வைக்க வேண்டுமென 1923-இல் மலாய் நாட்டில் தொழிற்சட்டம் வந்ததல்லவா? அவ்வழி வந்த தோட்டப் பள்ளியில் பயின்றவர் அவர். ஆயினும் வங்கியிலுள்ள தம் பணத்தின் இருப்பை அறியப் பேரனிடம் கைப்பேசியை நீட்டுகிறார், மறைவெண்ணையும் சொல்லுகிறார். எழுத்தறிந்த ஒருவரைப் படம் எழுத்தறியாதவராக்கிவிட்டது! தம் உழைப்பின் காசைத் தாமே எண்ணிப் பார்க்கும் உரிமை அவரிடமிருந்து நழுவிவிட்டது.

இதற்கு மருந்து எளிது. அக்கோடுகளின் அருகே “பட்டியல்” என்று தமிழில் ஒரு சொல் எழுதுக. மலாய் அறிந்தார்க்கு மலாயிலும், வங்கத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து இன்று கொழுந்து கிள்ளுவோர்க்கு அவரவர் மொழியிலும் எழுதுக. எழுதிய பின் தோட்டத்து மக்களிடம் காட்டி, விளங்குகிறதா என்று கேட்டறிக. கேளாமலே விளங்கும் என்று முடிவு கட்டிவிட்டு, விளங்காதவரைப் பேதையர் என்பது எவ்வகை நியாயம்?