சக்கையில் தங்கிய கசப்பு

நல்ல ஜைத்தூன் எண்ணெய் நாவில் சற்றே கசக்கும், தொண்டையில் உறைக்கும். அந்தக் கசப்பைக் குறையென்று கருதி முகஞ்சுளிப்போர் உண்டு. நமக்கோ அதன் மீது தனிப் பிரியம். அது எங்கிருந்து வருகிறது என்று படிக்கப் புகுந்தபோது, அதில் பெரும்பகுதி புட்டிக்கு வந்து சேர்வதே இல்லை என்று அறிந்து வியந்தோம்.

ஸ்பெயினில் எண்ணெய் ஆலைக்கு இன்றும் 'அல்மஸாரா' என்றே பெயர். பிழியுமிடத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. அங்கே செல்லும் 100 கிலோ பழத்தில் எண்ணெயாவது ஏறத்தாழ 20 கிலோதான். எஞ்சுபவை சக்கையும் கருநீரும். கருநீர் ஆற்றில் கலந்தால் மீன் மடியும். நிலத்தில் மிகுந்தால் விதை முளைக்காது. அதனால் 1980களின் தொடக்கத்தில் அதை ஆற்றில் விட ஸ்பெயின் தடை விதித்தது. 1990களில் மிகக் குறைந்த நீரில் எண்ணெயைப் பிரிக்கும் இயந்திரங்கள் பரவின. கருநீர் குறைந்தது, ஈரச் சக்கை மலையாய்க் குவிந்தது.

இக்கேட்டுக்குப் பெருங்காரணம் அந்தக் கசப்புப் பொருள்களே. பீனால்கள் எனப்படும் இவை, கிருமியையும் பூச்சியையும் தடுக்க மரம் தனக்கென ஆக்கிக்கொண்டவை. எண்ணெயைவிட நீரையே நாடுவதால், நூற்றில் ஓரிரு பங்கே எண்ணெயில் சேர்கிறது. கழிவை மட்கச் செய்ய வேண்டிய நுண்ணுயிர்களையும் அவை ஒடுக்கிவிடுகின்றன.

இவற்றை எவ்வாறு இனங்காண்கிறார்கள்? கழிவை எத்தில் அசிட்டேட்டுடன் குலுக்கினால் பீனால்கள் அதில் ஏறிவிடும். அக்கரைசலை நுண்துகள் நிரம்பிய குழாயினூடே அழுத்திச் செலுத்த, ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். பின்பு மூலக்கூறின் எடையை அளப்பார்கள். 138 என்றால் டைரோசாலாக இருக்கலாம். 154 என்றால் ஹைட்ராக்ஸிடைரோசாலாக இருக்கலாம். இவ்விரண்டிற்கும் இடையே ஓர் ஆக்சிஜன் அணுவே வேறுபாடு! தூய மாதிரியோடு ஒப்பிட்ட பின்னரே பெயரை உறுதி செய்வார்கள்.

இந்த ஹைட்ராக்ஸிடைரோசாலும் அதன் வழிப்பொருள்களும் 20 கிராம் எண்ணெயில் 5 மில்லிகிராமேனும் இருந்தால், இரத்தக் கொழுப்பு ஆக்சிஜனால் கெடாமல் காக்க உதவும் என்று விற்போர் அறிவிக்க 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. நோய் தீர்க்கும் என்று சொல்லத் தந்த அனுமதியன்று அது. ஈரச் சக்கையை நீராவியால் வேகவைத்து இதனை மிகுதியாகப் பிரிக்கலாம் என்று செவில் நகர ஆய்வாளர்கள் 2002இல் எழுதினர்.

ஆயினும் பீனாலை எடுத்த பிறகும் சக்கைமலை சக்கைமலையாகவே நிற்கும். விலைபோகும் துளியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மண்ணிலே கொட்டினால், அதை எவ்வாறு பயன் என்போம்? எரிபொருளாகவோ எருவாகவோ எஞ்சியதற்கும் வழி கண்டால்தான் அந்த ஆறுகளுக்கும் வயல்களுக்கும் நாம் செய்த கடன் தீரும்.