மியூனிச்சில் ஒரு வெண்ணிற வண்டி

மியூனிச் நகரின் மையத்திலுள்ள மரியன்பிளாற்ஸ் சதுக்கத்தில் நிலக்கீழ்ப் புகையிரதமேறி, ஒலிம்பிக் பூங்காவருகே இறங்கினோம். எம்முடன் வந்தவர் அந்நாட்டிலே பொறியியல் பயிலும் எம் மருமகன். நான்கு உருளைகளைச் சேர்த்து நிறுத்தியது போன்ற கோபுரமொன்றும், அதன் காலடியில் பெருங் கிண்ணம் போன்ற கட்டிடமொன்றும் எம் கண்முன் எழுந்தன. கோபுரம் பீ.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் தலைமையகம், கிண்ணமோ 1973 இல் திறக்கப்பட்ட அதன் அரும்பொருட்சாலை. ஊரார் அதனைச் 'சலாதுக் கிண்ணம்' என வேடிக்கையாக அழைப்பதுண்டு.

நாம் சென்றது 2014 ஓகஸ்ட் மாதத்தில். பளபளக்கும் வண்டிகளுக்கிடையே ஒளியிழந்த வண்டியொன்றைச் சூழ்ந்து மக்கள் நின்றனர். அதற்கு எந்திரம் இல்லை, அடித்தளம் துருவேறியிருந்தது, இருக்கைகள் கிழிந்து கிடந்தன. "இதைப் பார்க்கவா மாமா இவ்வளவு கூட்டம்?" என்றார் மருமகன். அதன் வரலாற்றை அறிந்தபோது எம் வியப்பு மாறியது.

அது '507' என்னும் றோட்ஸ்டர். இருவர் அமர்ந்து, கூரை திறந்து செல்லும் வண்டி. அல்பிறெக்ற் கோர்ட்ஸ் என்னும் பிரபு வரைந்த இவ்வடிவம் 1955 இல் நியூயோர்க்கில் முதன்முதற் காட்சிக்கு வந்தது. நீண்ட முன்புறமும், பதிந்த பின்புறமும், ஒரே மூச்சில் இழுத்த கோடு போன்ற பக்கங்களும் அதன் அழகு. உள்ளே எட்டுச் சிலிண்டர் கொண்ட 3.2 லீற்றர் அலுமினிய எந்திரம். அதன் ஆற்றல் 150 குதிரை வலு. உடலும் அலுமினியமே. தொழிலாளர் அதனைக் கையால் தட்டி உருவாக்கியமையால், ஒரு வண்டியின் கடினக் கூரை மற்றொன்றுக்குப் பொருந்தாமற் போவதுமுண்டாம்.

அழகு இருந்தும் ஆதாயம் இல்லை. 5,000 டொலருக்கு விற்கலாமென எண்ணிய வண்டியின் விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. 1959 வரை செய்யப்பட்டவை 250 அளவிலேயே நின்றன. அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனமே போட்டியாளர் கைக்கு மாறும் நிலை வந்தது. சிறு பங்குதாரர் எதிர்த்தமையாலும், பின்னர் ஹேர்பேட் குவாண்ட் பொருளுதவி செய்தமையாலும் அது தப்பிற்று.

நாம் கண்ட வண்டியின் எண் 70079. ஹான்ஸ் ஸ்ரூக் என்னும் ஓட்டப்பந்தய வீரர் அதனை மலைப்பாதைப் போட்டிகளில் ஓட்டினார். பின்னர், ஜேர்மனியில் இராணுவ சேவை புரிந்த பாடகர் எல்விஸ் பிறெஸ்லி 1958 இல் அதனை வாங்கினார். இரசிகைகள் வெண்ணிற உடலின்மீது உதட்டுச் சாயத்தால் எழுதிச் சென்றமையால், அவர் அதற்குச் சிவப்பு வண்ணம் பூசுவித்தாராம். அமெரிக்கா சென்றபின் கை மாறிய வண்டி தன் எந்திரத்தையும் இழந்தது. 1968 இல் அதனை வாங்கிய பொறியியலாளர் ஒருவர், என்றேனும் சீர்படுத்துவோம் என்ற எண்ணத்துடன் உதிரிப் பாகங்களைச் சேர்த்து வந்தார். வண்டியோ கலிபோர்ணியாவில் பூசணிக்காய்க் களஞ்சியமொன்றில் பல்லாண்டு உறங்கிற்று.

"இதை இப்படியே விட வேண்டும். இந்தக் கீறல்களும் துருவும் அதன் வரலாறல்லவா? துடைத்தால் பொய்யாகிவிடாதா?" என்றார் மருமகன். அந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் விடையில்லை.

நிறுவனத்தின் பணியாளர் அதனை ஏற்றுச் சீர்படுத்தத் தொடங்கினர். எந்திரம் உதிரிப் பாகங்களைக் கொண்டு புதிதாகக் கோக்கப்பட்டது. அடித்தளம் மீண்டும் அமைக்கப்பட்டது. கதவுக் கைபிடி போன்ற சிறு பாகங்கள் முப்பரிமாண அச்சுமுறையில் உருவாயின. ஏறத்தாழ இரண்டாண்டு உழைப்பின் பின், 2016 ஓகஸ்டில், கலிபோர்ணியாவிலுள்ள பெபிள் பீச்சில் வண்டி வெண்ணிறமாக வெளிவந்தது. பாகங்களைச் சேர்த்து வைத்த அந்தப் பொறியியலாளரோ, பணி நிறைவெய்து முன்னரே காலமாகிவிட்டார்.

அதன் படத்தைக் கண்டபோது மருமகனின் கேள்வி எம் நினைவில் மீண்டது. துரு போயிற்று, உதட்டுச் சாயத்தின் கதையும் இனி வாய்மொழியே. எனினும் அந்த மனிதர் அவ்வளவு காலம் பாகங்களைப் பொறுக்கி வைத்தது, வண்டி அழுகிக் கிடப்பதற்கன்று, ஓடுவதற்கே. பழுதுற்ற பொருளைப் பார்த்து இரங்குதல் எளிது. அதனைச் செய்த கையின் நோக்கத்தை உணர்ந்து, மீண்டும் ஓடச் செய்தலே அரிது. வணிகத்தில் தோற்ற வண்டி மனிதர் மனத்தில் தோற்காமைக்குக் காரணமும் அதுவேயென எமக்குத் தோன்றுகின்றது. மருமகனுக்கு இதனையே கடிதமாக எழுதினோம். "ஒப்புக்கொள்கிறேன் மாமா, ஆனால் ஒரு கீறலையாவது விட்டு வைத்திருக்கலாம்" என்று பதில் வந்தது. அதுவும் நியாயந்தான்.